எந்தச் சில்லைத் தேர்வோம்? – ஒரு வரலாற்று நோக்கு

தோணி கட்டப் புகும் ஓடாவி முதலில் உளியைத் தொடுவதில்லை, மரத்தையே பார்க்கின்றான். எந்த மரம் உயர்ந்தது என்ற கேள்வி மட்டும் அவனுக்குப் போதாது. அம்மரம் இவ்வூரில் அகப்படுமா, தன் கருவிக்கு இணங்குமா, ஒரு பலகை பழுதுபட்டால் மாற்றுப் பலகை பின்னரும் கிடைக்குமா என்பனவற்றையெல்லாம் எண்ணிய பின்னரே விலை பேசுகின்றான். கடலோரத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், இன்று நம் இளைஞர் கையிலெடுத்திருக்கும் ஒரு முயற்சிக்கும் இதே கேள்விகள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்முயற்சி யாதெனில், இற்றைக்கு நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் உலகில் வழங்கிய வகையைச் சேர்ந்த சிறு கணினியொன்றை, உறுப்பு உறுப்பாகச் சேர்த்து நம் கையாலேயே கட்டுதல். சீனன்குடாவிலும் அயலூர்களிலும் உள்ள மாணவர் சிலர் இதில் ஆர்வங்கொண்டுள்ளனர். அவர்கள் கூடும்போதெல்லாம் எழும் முதல் வினா, "எந்தச் சில்லைக் கொண்டு கட்டுவது?" என்பதே. விடை பிழைத்தால், சேர்த்த பணமும் விடுமுறை நாட்களும் பெட்டிக்குள் உறங்கும் உதிரிப் பாகங்களாய் முடிந்துவிடும். அதனினும் பெரிய நட்டம், "இது நம்மவரால் ஆகாத காரியம்" என்ற எண்ணம் இளையோர் மனத்தில் வேரூன்றுதலாகும். ஆகவே, நமக்கு முன்னர் இதே வினாவை எதிர்கொண்டவர்கள் என் செய்தனர் என்று பார்ப்பது வீண் வேலையன்று.

துறைமுகம் கண்ட கணிப்புப் பொறிகள்

கணிப்புப் பொறி நம் துறைமுகத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கிய செய்தியை நம் பெரியோர் பலர் தம் பெற்றோர் வாய்க் கேட்டிருப்பர். ஈராண்டு கழித்து, 1944ஆம் ஆண்டு யூலை மாதம், இதே துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'குயின் எலிசபெத்', 'வலியன்ற்' முதலிய போர்க்கப்பல்கள் சுமாத்திராவுக்கு அண்மையிலுள்ள சபாங் துறையைப் பீரங்கியால் தாக்கின. இக்கப்பல்களின் உட்பகுதியில் பற்சில்லுகளாலும் சுழல் தண்டுகளாலும் ஆகிய பெருங்கணிப்பு மேசைகள் இருந்தன. பகைக்கலத்தின் தூரம், அதன் வேகம், தன் கலத்தின் வேகம், காற்றின் போக்கு ஆகியவற்றை அவற்றினுள் செலுத்தினால், பீரங்கியை எந்தக் கோணத்தில் உயர்த்த வேண்டும் என்பதை அவை இடைவிடாது கணித்துக் கொடுக்கும்.

அவை வியத்தகு பொறிகளே. ஆனால் பீரங்கிக்குக் குறி கணித்த பொறி அதனையன்றி வேறொன்றும் செய்ய அறியாது. நெல்லின் கணக்கைப் பார்க்கவோ, கடிதத்தை எழுதவோ அதனைப் பழக்க இயலாது; பற்சில்லுகளையே கழற்றி வேறு பொறி செய்தல் வேண்டும். இன்றைய கணினி அத்தகையதன்று. அதன் உறுப்புகள் மாறுவதில்லை. அதற்கு நாம் கொடுக்கும் கட்டளை வரிசையே மாறுகின்றது. அக்கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளுணர்ந்து, நிறைவேற்றும் உறுப்பே முறைவழியாக்கி எனப்படுவது. அஃது ஒரே சில்லினுள் அடங்கிவிடின் நுண்முறைவழியாக்கி ஆகின்றது. 'எந்தச் சில்லு' என்று நம் இளைஞர் கேட்பது இதனையே.

இவ்வுறுப்பின் தன்மையை விளங்கிக்கொள்ள நம் கண்முன்னே நிற்கும் எண்ணெய்க் குதங்களை நினைத்தல் தகும். எவ்வளவு பெரிய தாங்கியாயினும், குழாயும் வாயிலும் இணையாவிடின் அதனாற் பயனில்லை. அவ்வாறே, நினைவகமும் அதனோடு இணைக்கும் கம்பி வரிசைகளும் இல்லாத முறைவழியாக்கி வெறும் கறுப்புத் துண்டே. எந்த இடம் என்று சொல்லும் வரிசையை முகவரிப் பாட்டை என்றும், அவ்விடத்துள்ள பொருளைக் கொண்டுவரும் வரிசையைத் தரவுப் பாட்டை என்றும் வழங்குவர். சில்லைத் தேர்வது என்பது அதனைச் சூழ்ந்து வரப்போகும் இவையனைத்தையும் சேர்த்துத் தேர்வதேயாகும்.

பம்பாயில் ஒரு துணிவு

சில்லு என்பதே தோன்றாத காலத்தில், நம் அயல்நாட்டில் கணினி கட்டப் புறப்பட்டோர் இருந்தனர். பம்பாயிலுள்ள தாதா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1954ஆம் ஆண்டு சேர்ந்த ஆர். நரசிம்மன் சென்னையிற் பிறந்தவர். கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பியவர். அவரும் பெரும்பாலும் அத்துறைக்குப் புதியவரான இளைஞர் சிலரும் சேர்ந்து 1956இல் ஒரு முன்மாதிரிப் பொறியை இயக்கிக் காட்டினர். 1960இல் முழுப் பொறியையும் இயக்கத்துக்குக் கொண்டுவந்தனர். 1962இல் 'டிப்ராக்' என்ற பெயரைப் பிரதமர் நேரு அதற்குச் சூட்டினார்.

அப்பொறியில் ஏறத்தாழ 2,700 வால்வுகள் இருந்தன. நினைவகம் 2,048 சொற்களைக் கொள்ளும்; ஒவ்வொரு சொல்லும் 40 பிற்று. அது நிறைவெய்திய வேளையில் உலகம் வால்வை விட்டுத் திரான்சிற்றருக்கு மாறிக்கொண்டிருந்தது. அங்ஙனமாயின் அம்முயற்சி வீணோ எனின், அன்று. வால்வே அன்று அவர்கள் கைக்கு எட்டியது. அதன் குணங்களை அவர்கள் அறிந்திருந்தனர். எட்டாத ஒன்றுக்காகக் காத்திருந்திருப்பின் கணினியும் வந்திராது, அதனைக் கட்டத் தெரிந்த ஆட்களும் உருவாகியிரார். பொறி சில ஆண்டுகளில் ஓய்ந்தது. கற்றவர்களோ அந்நாட்டுக் கணினித் துறைக்கு வித்தாயினர். நம் வினாவுக்கு வரலாறு தரும் முதற் பாடம் இது: கைக்கு எட்டுவதையும், கருத்துக்கு எட்டுவதையும் கொண்டு தொடங்குக.

ஐந்தாண்டில் நிகழ்ந்த மாற்றம்

1971ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் '4004' என்னும் நுண்முறைவழியாக்கியை விற்பனைக்கு அறிவித்தது. யப்பானிய நிறுவனமொன்றின் மேசைக் கணிப்பானுக்கென வகுக்கப்பட்ட அச்சில்லினுள் 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. ஒரு பெரிய அறையை அடைத்து நின்ற வால்வுக் கூட்டத்தின் வேலை, ஒரு விரல் நகத்தளவுக்குள் ஒடுங்கத் தொடங்கியது இவ்வாறே.

1974இல் வந்த '8080' என்னும் சில்லு உண்மையான கணினிக்கு ஏற்ற வலிமை உடையது. எனினும் அதற்கு இரு குறைகள். ஒன்று, அதற்கு மூன்று வேறு மின்னழுத்தங்கள் வேண்டும். கூட்டல் 5 வோல்ற்று, கழித்தல் 5 வோல்ற்று, கூட்டல் 12 வோல்ற்று என்பன அவை. மற்றொன்று விலை. தனியொன்றாக வாங்கின் 360 டொலர். அமெரிக்காவின் அல்புகேர்க்கி நகரில் எட் றொபேட்ஸ் என்பார் மொத்தமாக வாங்குவதாகப் பேசி, ஒன்றை 75 டொலருக்குப் பெற்றார். அதனாலேயே 1975 சனவரியில் 'அல்ரெயர்' என்னும் கணினியை, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் உறுப்புத் தொகுதியாக, நானூறு டொலருக்குக் குறைந்த விலையில் அவரால் அறிவிக்க முடிந்தது. தனிமனிதன் தன் வீட்டில் கணினி கட்டலாம் என்ற நம்பிக்கை பரவியது அன்றிலிருந்தே எனலாம்.

அதே ஆண்டு செத்தெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மின்னியற் கண்காட்சியொன்றில் சக் பெடில் என்ற பொறியியலாளரும் அவர் குழுவினரும் '6502' என்னும் சில்லை 25 டொலருக்கு விற்றனர். பிறர் நூற்றுக்கணக்கில் விலை சொன்ன காலத்தில் இது ஏமாற்றோ என்று ஐயுற்றோரும் உண்டு. ஏறத்தாழ 3,500 திரான்சிற்றர்களே கொண்ட எளிய சில்லு. 5 வோல்ற்று ஒன்றே அதற்குப் போதும். ஸ்டீவ் வொஸ்னியாக் என்ற இளைஞர் தாம் கட்டக் கருதிய கணினிக்கு மோட்டறோலாவின் '6800' சில்லை எண்ணியிருந்தார். 6502இன் விலையைக் கண்டதும் எண்ணத்தை மாற்றினார். 1976இல் வெளிவந்த முதல் அப்பிள் கணினி அதன் பயன்.

இன்ரெல் நிறுவனத்தில் 4004ஐயும் 8080ஐயும் உருவாக்குவதில் முன்னின்ற பெடெரிக்கோ பஜின் அங்கிருந்து வெளியேறிச் 'சைலொக்' நிறுவனத்தைத் தொடங்கி, 1976இல் 'இசட்-80' என்னும் சில்லை வெளியிட்டார். இதன் சிறப்பு இரண்டு. 8080க்கு எழுதப்பட்ட கட்டளைத் தொகுதிகள் இதிலும் ஓடும்; எனவே முன்னர் எழுதப்பட்ட நிரல்கள் யாவும் இதற்கு முதுசொம் ஆயின. மேலும், இதற்கும் 5 வோல்ற்று ஒன்றே போதும். இன்ரெல் நிறுவனமும் அதே ஆண்டில் '8085' என்னும் சில்லை 5 வோல்ற்றுக்குள் அடக்கி வெளியிட்டது.

ஐந்தாண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தை ஊன்றி நோக்கின், வேகம் மிக்க சில்லே வென்றது என்று சொல்ல இடமில்லை. விலை குறைந்தது வென்றது. மின்வழங்கலைச் சிக்கலாக்காதது வென்றது. முன்னோர் எழுதிய நிரலை வீணாக்காதது வென்றது.

தமிழர் ஒருவரின் தேர்வு

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கு அண்மையிலுள்ள மூலைப்பொழி என்னும் சிற்றூரிற் பிறந்து, கோயம்புத்தூர் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற சிவ் நாடார், தம் நண்பர் சிலருடன் 1976இல் டில்லியில் எச்.சீ.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். 1978இல் அந்நிறுவனம் தன் முதற் கணினியை வெளியிட்டது. அதற்கு அவர்கள் தேர்ந்தது றொக்வெல் நிறுவனத்தின் 'பீ.பீ.எஸ்-8' என்னும் சில்லு.

இன்று அச்சில்லின் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். இசட்-80, 6502 போன்று அது நிலைக்கவில்லை. நிறுவனமோ நிலைத்தது, உலகளாவி வளர்ந்தது. காரணம், அவர்கள் வாங்கியது சில்லை மட்டுமன்று. சில்லைச் சுற்றி ஒரு முழுக் கணினியை எழுப்பும் அறிவையும் ஈட்டிக்கொண்டனர். ஒரு சில்லு மறைந்தபோது அவ்வறிவு அடுத்த சில்லுக்கு இடம்பெயர்ந்தது. "நாம் தேரும் சில்லு நாளை மறைந்துபோனால்?" என்று அஞ்சும் இளைஞருக்கு இது தக்க விடை.

இங்கிலாந்தில் வேறொரு வகையில் இதே உண்மை விளங்கிற்று. ஏகோர்ண் நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'பீ.பீ.சீ. மைக்கிரோ' கணினி 6502ஐக் கொண்டது. பள்ளிக்கூடங்களுக்கென்றே புகழ்பெற்ற இக்கணினி இந்தியாவுக்கும் வந்தது. 1984இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் அது இடம்பெற்றது. மொகாலியிலுள்ள அரசுக் குறைகடத்தித் தொழிற்சாலை அதன் இந்திய வடிவத்தை 'யுனிகோர்ண்' என்ற பெயரில் செய்தது. அத்தொழிற்சாலை 1989இல் பெருந்தீயால் அழிவுற்றது பெருந்துயர்.

ஏகோர்ண் நிறுவனத்தார் தம் அடுத்த கணினிக்குச் சில்லுத் தேடினர். சந்தையில் இருந்த பெரிய சில்லுகளைச் சோதித்து மனநிறைவு கொள்ளவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 6502இன் வழித்தோன்றலை வகுத்துக்கொண்டிருந்த பில் மென்ஷ் என்பாரின் பணியிடத்தைக் காணச் சென்றனர். பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போன அவர்கள் கண்டது மிகச் சிறிய குழுவொன்றை. "இவர்களால் ஆகுமெனின் நம்மாலும் ஆகும்" என்ற துணிவோடு திரும்பினர். சோபி வில்சனும் ஸ்டீவ் பேபரும் வகுத்த 'ஆம்' என்னும் முறைவழியாக்கி 1985 ஏப்ரல் 26ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உள்ளது அதன் வழித்தோன்றலே. சில்லைத் தேடிப் போனவர்கள் சில்லைப் படைத்தவர்களாய் மாறினர்.

நம் தீவில் ஓர் இசட்-80

நம் தீவையும் இவ்வரலாறு தொடாமற் போகவில்லை. 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சீ. கிளார்க்கைத் திருகோணமலையார் நன்கறிவர். கோணேசர் மலையடியிற் கடலுக்குள் மூழ்கி, பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டு உலகுக்கு எழுதியவர்களுள் அவர் ஒருவர். அவர் 1983, 1984ஆம் ஆண்டுகளில் கொழும்பிலிருந்து கொண்டே, தம் '2010' நாவலைத் திரைப்படமாக்கிய பீற்றர் ஹயம்சுடன், அமெரிக்காவுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிக் கடிதங்கள் பரிமாறினார். அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன.

அதற்கு அவர் பயன்படுத்திய 'கேப்ரோ-2' என்னும் கணினியின் உள்ளே இருந்தது இசட்-80. வேகம் 2.5 மெகாஹேட்ஸ், நினைவகம் 64 கிலோபைட்டு. இன்று ஒரு நிழற்படத்தைக்கூட அந்நினைவகத்தில் அடக்க இயலாது. ஆயினும் கடல் கடந்து ஒரு திரைக்கதையைச் செப்பனிட அது போதுமாயிருந்தது. சிறு சில்லைச் சிறுமையாக எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

இன்று நம் முன்னுள்ள தேர்வு

இனி நம் வினாவுக்கே வருவோம். நாற்பது கால்களையுடைய மூன்று எட்டுப்பிற்றுச் சில்லுகள் நம் இளைஞர் முன்னுள்ளன: இசட்-80, 8085, 6502. மூன்றுக்கும் முகவரிக் கம்பிகள் 16. ஆகவே மூன்றும் 65,536 இடங்களை, அதாவது 64 கிலோபைட்டை, நேரே காணவல்லன. மூன்றுக்கும் 5 வோல்ற்றுப் போதும். அது கைத்தொலைபேசி மின்னேற்றியிலிருந்தே கிடைக்கும். இவ்வளவில் மூன்றும் உடன்பிறப்புகள் போல்வன. வேறுபாடு இனித்தான்.

இசட்-80 மென்பொருட் செல்வம் மிக்கது. கரி கில்டால் வகுத்த 'சீ.பீ.எம்.' என்னும் இயக்கு முறைமையும் அதன் கீழ் ஓடிய எண்ணற்ற நிரல்களும் அதற்கு உண்டு. ஆனால் இரண்டு இடர்கள். முதலாவது, இச்சில்லு விழித்தெழுந்ததும் சுழிய முகவரியிலிருந்து கட்டளையைத் தேடும். எனவே அங்கே அழியா நினைவகம் இருத்தல் வேண்டும். சீ.பீ.எம். முறைமையோ அதே இடத்தில் எழுதி அழிக்கும் நினைவகத்தை வேண்டும். ஒன்றை எழுப்பியபின் மறைத்து மற்றொன்றை அவ்விடத்தில் வைக்க மேலதிகச் சுற்று ஒன்று தேவை. இரண்டாவது இடர் பெரிது. 1976 முதல் இடையறாது செய்யப்பட்டு வந்த இச்சில்லின் உற்பத்தி முடிவுக்கு வருவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தனர். இறுதிக் கட்டளைகள் அவ்வாண்டு யூன் 14ஆம் நாளோடு நிறுத்தப்பட்டன. இனிக் கிடைப்பது பழைய இருப்பே. பழைய இருப்பு அருகும்போது, வேறு சில்லின் மேற்பரப்பைச் சுரண்டிப் புதுப் பெயர் அச்சிட்டு விற்போர் பெருகுவர். தொலைவிலிருந்து தருவிக்கும் மாணவனுக்கு ஒரு போலிச் சில்லு பல வாரக் காத்திருப்பையும் கைப்பணத்தையும் விழுங்கிவிடும்.

8085இன் துணை அதன் ஆசிரியர்களே. தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர் இதனைக் கொண்டே நுண்முறைவழியாக்கியைப் பயின்றனர். றமேஷ் கோங்கர் எழுதிய பாடநூல் அவர்கள் மேசைகளில் தவறாது காணப்பட்டது. பழைய நூல்களும் பழகிய ஆட்களும் எளிதிற் கிடைப்பர். எனினும் கால்களைச் சிக்கனப்படுத்துதற்காக இச்சில்லு தரவுக் கம்பிகள் எட்டையும் முகவரிக் கம்பிகளாகவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றது. இரண்டையும் பிரித்தெடுக்க இடையில் ஒரு பிடிப்புச் சில்லு வேண்டும். முதன்முதலாகக் கட்டுவோர் கண் மயங்கும் இடம் இதுவே.

6502இன் வழித்தோன்றலான '65சீ02' இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றது. செய்வது, முன்னர்க் கூறிய பில் மென்ஷ் 1978இல் தொடங்கிய அதே சிறு நிறுவனம். இதன் பதிவகங்கள் சில, கட்டளைகள் சில, ஆதலால் ஒருவன் முழுமையாகவே மனத்திற் கொள்ளலாம். இது விழித்தெழுந்ததும் முகவரி வெளியின் உச்சியிலுள்ள இரண்டு இடங்களைப் பார்த்து, எங்கே தொடங்குவது என்று அறிந்துகொள்ளும். ஆகவே மேற்பாதியில் 32 கிலோபைட்டு அழியா நினைவகத்தையும், கீழ்ப்பாதியில் 32 கிலோபைட்டு எழுதி அழிக்கும் நினைவகத்தையும் வைத்து, மிகச் சில தர்க்கப் படலைகளோடு கணினியை முடித்துவிடலாம்.

மற்றொரு நலமும் இதற்குண்டு. கடிகாரத் துடிப்பை இச்சில்லில் விரும்பிய அளவு தாமதிக்கலாம். முற்றாக நிறுத்தவும் செய்யலாம். சில்லு தன் நினைவை இழக்காது. ஒரு பொத்தானை அழுத்த ஒரு துடிப்பு என்று அமைத்து, முகவரிக் கம்பி ஒவ்வொன்றிலும் தடையியோடு ஒரு சிறு ஒளிகாலும் இருவாயியைப் பொருத்தினால், வினாடிக்குப் பத்து இலட்சம் முறை நிகழ்வதை நாம் ஒவ்வொன்றாகக் கண்ணாற் காணலாம். 1975ஆம் ஆண்டின் மூலச் சில்லில் இது இயலாது. அதன் துடிப்பு ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் உள்ளே உள்ளது மறைந்துவிடும். இன்னொரு வேறுபாட்டையும் வாங்குவோர் அறிதல் வேண்டும். பழைய சில்லின் முதற் கால் நிலத்தோடு இணைவது. இன்றைய சில்லில் அதே கால் ஒரு சைகையை வெளியிடுவது. பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிய சில்லைப் பொருத்தின் சில்லுக்குக் கேடு நேரலாம்.

ஆகவே, முதற் கணினிக்கு 65சீ02. அதனைக் கட்டிக் கைதேர்ந்தோர், நம்பத்தகுந்த இடத்தில் நல்ல இருப்புக் கிடைப்பின், இரண்டாவதற்கு இசட்-80. அருகில் 8085 பயின்ற ஆசிரியர் ஒருவர் துணைநிற்பாராயின் அவரிடம் அதனையே கற்றல் என்பது என் துணிபு. எந்தச் சில்லாயினும், வாங்கியவுடன் முழுக் கணினியையும் கட்டிவிட முயலாது, 'ஒன்றும் செய்யாதே' என்னும் கட்டளையைத் தரவுக் கம்பிகளில் நிலையாகத் தடையிகளால் அமைத்துப் பார்த்தல் நன்று. இசட்-80க்கு எட்டுக் கம்பிகளும் சுழியம், 65சீ02க்கு 11101010. சில்லு நலமாயின் முகவரி விளக்குகள் ஒழுங்காக எண்ணிக்கொண்டு ஏறும். போலிச் சில்லு பெரும்பாலும் இங்கேயே அகப்பட்டுவிடும். நம் குடாவின் உப்புக்காற்று சில்லின் கால்களை விரைவிற் கறுக்கச் செய்யுமாதலால், வாங்கியவற்றை இறுக மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொதியோடு வைத்தலும் வேண்டும்.

பெரியோர் கேட்கும் கேள்வி

"கைத்தொலைபேசியில் இதனினும் பல்லாயிரம் மடங்கு வேகம் இருக்க, ஐம்பதாண்டுப் பழஞ்சில்லு எதற்கு?" என்று நம் பெரியோர் கேட்பர். நியாயமான கேள்வி. தம் பிள்ளைகளின் பணமும் காலமும் வீணாகலாகாது என்ற அக்கறையே அதில் உள்ளது. விடை சொல்லும் கடமை இளையோருக்குண்டு.

இன்றைய உயர்தரக் கைத்தொலைபேசிச் சில்லொன்றில் ஆயிரங்கோடிக்கும் மேற்பட்ட திரான்சிற்றர்கள் உள்ளன. அதனை வகுத்தவர்களுள்ளும் எவரும் தனியொருவராக அதன் முழுமையையும் அறியார். 6502இலோ ஏறத்தாழ 3,500. ஆர்வலர் சிலர் 2010ஆம் ஆண்டளவில் அதன் உட்புறத்தை நுணுக்குக்காட்டியாற் படம் பிடித்து, ஒவ்வொரு திரான்சிற்றரையும் இனங்கண்டு, அதன் இயக்கத்தைத் திரையில் காட்டியும் உள்ளனர். ஒரு மாணவன் ஒரு பொருளை அடி முதல் முடி வரை அறிந்துகொள்ளும் வாய்ப்பு இக்காலத்தில் மிக அரிது. அவ்வாறு ஒன்றை முற்ற அறிந்தவன் மற்றொன்றைக் கண்டு மிரளான். பயன்படுத்த மட்டும் அறிந்தவனோ, பொறி நின்றவுடன் தானும் நின்றுவிடுவான்.

இது வெறும் பேச்சன்று. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் வீ. காமகோடியின் வழிகாட்டலில் 'சக்தி' என்னும் முறைவழியாக்கி வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் தோன்றி, எவரும் உரிமக் கட்டணமின்றிப் பின்பற்றத்தக்கதாக வெளியிடப்பட்ட 'றிஸ்க்-ஐந்து' என்னும் கட்டளை முறையே அதன் அடிப்படை. 2018இல் சக்திச் சில்லின் முதல் வடிவம் அமெரிக்காவில் வார்க்கப்பட்டது. அடுத்தது வார்க்கப்பட்ட இடம் எது? 1989இல் தீயில் எரிந்து, பின்னர் மீண்டெழுந்த அதே மொகாலித் தொழிற்சாலை. 1950களில் வால்வுகளைக் கோத்தவர்களும், 1978இல் அயலாரின் சில்லைச் சுற்றிக் கணினி எழுப்பியவர்களும் நடந்த பாதையின் தொடர்ச்சியே இது. முதலாமவர் இல்லையேல் மூன்றாமவர் இல்லை.

நம் தீவின் நிலைமையையும் எண்ணுவோம். 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டையும் கண்டோம். வெளியிலிருந்து வரும் பொருள் எந்நேரமும் வரும் என்ற எண்ணம் எவ்வளவு நிலையற்றது என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது. சில்லை நாமே வார்க்கும் காலம் எளிதில் வாராது. ஆனால் வந்த சில்லைப் பழுதுபார்க்கவும், பொருத்தவும், ஒன்று இல்லாதபோது வேறொன்றால் அவ்வேலையைச் செய்யவும் அறிந்தவர்கள் நம்மிடையே இருத்தல் இயலும். அவ்வறிவு அலைகடல் தாண்டிக் கப்பலில் வருவதன்று. மேசையின் மீது, ஒரு சிறு சில்லைச் சுற்றிக் கம்பி கோக்கும் விரல்களிலேயே பிறப்பது.

ஆதலின் நம் மன்றத்து இளைஞர் நால்வர் ஐவராகக் கூடி ஒரு கணினியைக் கட்டுக. தனித்தனியே வாங்குவதிலும் கூட்டாக வாங்கின் விலையும் குறையும். ஒருவர் அறியாததை மற்றவர் அறிவர். கட்டிய வரைபடத்தையும், பட்ட இடர்களையும் தமிழில் எழுதி வைத்து, அடுத்து வரும் தம்பி தங்கையர்க்குக் கொடுக்க. பெரியோர், முடிந்தால் ஒரு மேசையும், முடியாவிடின் ஒரு நல்ல வார்த்தையும் அவர்க்கு உதவுக.

ஓடாவி தேர்ந்த மரம் உலகிலேயே உயர்ந்த மரமாயிருக்க வேண்டியதில்லை. தோணி கடலில் மிதந்தாற் போதும். அதனைக் கட்டிய கை அடுத்த தோணியையும் கட்டும்.